பதினேழே பேர்!

கொசு கடிக்காத வீட்டில் குடியிருக்கும் பாக்கியசாலி யாராவது நம் வாசகிகளில் உண்டா? இருந்தால் அவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேரே தொடர்கதைக்குப் போகலாம். மற்றவர்கள் சற்று இருங்கள். கொசுவைப் பற்றி ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். நம்மைக் கடிப்பது பெண் கொசு மட்டுமே. ஆண் கொசு பரம சாது. பூந்தேனையும் இலைச் சாற்றையும் குடித்துவிட்டுச் சிவனே என்று திரிகிறது. பெண் கொசுவுக்கோ முட்டையிட ரத்தம் வேண்டியிருக்கிறது. தன் குழந்தைகளுக்காகத்தான் அது நம் குழந்தைகளைக் கடிக்கிறது! இதை நீங்கள் வாய்விட்டுப் படித்தால் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பெண் கொசுக்களிலும் எல்லாம் மலேரியாவைக் கொண்டு வருவதில்லை. அனாபிலிஸ் என்ற ஒரு ஜாதிக்குத்தான் அந்தப் பெருமை. அந்தி சாய்ந்த பிறகு, ஊர் அடங்கும் வேளையில் அது புறப்படும். கடிபட்டவருக்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பல் கிட்டும் குளிர், அப்புறம் அனல் பறக்கும் ஜுரம், அப்புறம் படுக்கையை நனைக்கும் வியர்வை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் இந்த உபத்திரவத்தை நம் பாட்டிமார் முறைக் காய்ச்சல் என்றார்கள்.

பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2023-ம் வருஷம் ஒன்றில் மட்டும் உலகத்தில் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது; 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் நாலில் மூன்று பங்கு, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றேகால் நிமிஷத்துக்கு ஒரு குழந்தை!

இத்தனைக்கும் இது மருந்தில்லாத வியாதி அல்ல. எப்படி வருகிறது என்று தெரியும். எப்படித் தடுப்பது என்று தெரியும். மூன்று நாள் மாத்திரையில் குணமாக்கவும் தெரியும். பின் ஏன் போகவில்லை? காரணத்தைத் தேடிக்கொண்டு போனால், கடைசியில் சர்க்கார்களின் கஜானா வாசலில் போய் நிற்கிறோம்.

* * *

ஆரம்பமே அப்படித்தான் இருந்தது. 1897-ம் வருஷம் ஆகஸ்டு 20-ந் தேதி செகந்திராபாத்தில், ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பூதக் கண்ணாடியில் பார்த்து, அதற்குள் மலேரியாக் கிருமி வளருவதைக் கண்டார். அதற்கு முன் ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்கள் கடிக்கும்படி விட்டிருந்தார். கடி ஒன்றுக்கு ஓர் அணா கூலி! உலகத்துக்கு இவ்வளவு மலிவாகக் கிடைத்த விஞ்ஞான உண்மை வேறு இருக்குமா என்பது சந்தேகமே. இப்பேர்ப்பட்ட மனிதரை அன்றைய சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? சில வாரங்களில் ராஜபுதனத்தில், மலேரியா அதிகம் இல்லாத கேர்வாரா என்ற ஊருக்கு மாற்றிவிட்டது! மன்றாடி, சிபாரிசு பிடித்து, மறு வருஷம் கல்கத்தா போய்ச் சேர்ந்த பிறகுதான், கொசு கடிப்பதனாலேயே வியாதி பரவுகிறது என்பதைப் பறவைகளை வைத்து அவர் முழுதும் நிரூபித்தார். 1902-ல் நோபெல் பரிசு வந்தது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பாவம். நீலகிரியில் 1860-களிலேயே சிங்கோனா மரங்களைப் பயிரிட்டு, நடுவட்டத்தில் கொயினா காய்ச்சினார்கள். சின்னப் பொட்டலங்களாகக் கட்டித் தபாலாபீஸ் மூலம் காசுக்கு விற்றார்கள். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியவர்கள் பிழைத்தார்கள்.

ஆனால் வந்த ஜுரத்துக்கு மருந்து கொடுப்பது ஒரு காரியம்; ஊரை விட்டே வியாதியை ஓட்டுவது வேறு காரியம். இரண்டாவது காரியத்தில் சர்க்கார்கள் எப்படி நடந்துகொண்டன என்று தெரிந்துகொள்ள நெடுந்தூரம் போக வேண்டாம். தனுஷ்கோடிக்கு அப்பால் கடலைத் தாண்டினால் போதும்.

* * *

இலங்கையில் மலேரியா புதிதல்ல. உலர்ந்த வடபகுதியிலும் கிழக்கிலும் அது வீட்டு ஜுரம். ஆனால் 1934-ல் நடந்தது வேறு. அந்த வருஷம் மழை பொய்த்தது. களனி, மகா ஓயா முதலிய ஆறுகள் ஓட்டம் நின்று, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. மழை அதிகமானால்தான் கொசு என்று நினைக்கிறோம் அல்லவா? அங்கே மழை இல்லாததனால் கொசு பெருகியது. ஓடுகிற ஆற்றில் முட்டை நிற்காது. தேங்கிய குட்டையில் நிற்கும். கேகாலை, குருநாகல் பகுதிகளில் மலேரியா பழக்கமில்லாத ஜனங்கள் அக்டோபரில் படுக்க ஆரம்பித்தார்கள். முந்தின விளைச்சலும் குறைவு. வயிற்றில் சோறில்லாத உடம்பு. அடுத்த வருஷ நடுவுக்குள் சுமார் 80,000 பேர் இறந்துபோனார்கள். அப்போது தீவின் ஜனத்தொகையே சுமார் 55 லட்சந்தான்.

சர்க்கார் உதவி போதாத இடங்களில் தொண்டர்கள் புறப்பட்டார்கள். என்.எம். பெரேரா என்ற வாலிபர் ருவான்வெல்லப் பக்கத்தில் வீடு வீடாக மருந்தோடு பருப்பும் கொடுத்தார். பிற்காலத்தில் அவர் அந்த நாட்டின் நிதி மந்திரியே ஆனார். ஆனாலும் அந்த ஊர் ஜனங்கள் வைத்த 'பருப்பு மகாத்தயா' என்ற பெயர் மறையவில்லை. 'மகாத்தயா' என்றால் சிங்களத்தில் ஐயா. ஜுரத்தில் கிடப்பவருக்கு மாத்திரை மட்டும் போதாது, கஞ்சிக்கும் வழி செய்ய வேண்டும் என்று அறிந்த ஐயா!

உலக யுத்தம் முடிகிற சமயத்தில் டி.டி.டி. வந்தது. அனாபிலிஸ் கொசுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வயிறு முட்டக் குடித்ததும் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். அந்தச் சுவரில் மருந்தை அடித்துவிட்டால் உட்கார்ந்த கொசு எழுந்திராது. இதுதான் முழுத் தத்துவமும். 1946-ல் இலங்கையில் 27 லட்சத்துக்கு மேற்பட்ட மலேரியாக் கேஸ்கள் இருந்தன. வருஷா வருஷம் சுவர்களுக்கு மருந்தடித்தார்கள். 1963-ல் கணக்கெடுத்தபோது நாடு முழுவதிலும் எத்தனை பேர் தெரியுமா?

பதினேழு பேர்! அதிலும் பலர் வெளியிலிருந்து வியாதியைக் கொண்டுவந்தவர்கள்.

நீங்கள் ஒரு நாட்டின் நிதி மந்திரியாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினேழு பேருக்காக ஆயிரக்கணக்கான ஊழியர்கள், லாரிகள், மருந்து டின்கள், பீச்சாங்குழல்கள். பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும், அரிசிக்கு வேண்டும். என்ன செய்வீர்கள்? அவர்களும் அதைத்தான் செய்தார்கள். 1964-ல் மருந்தடிப்பு நின்றது.

மூன்று நாலு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மழை குறைந்தது. ஆறுகள் மறுபடி குட்டைகளாயின. ரத்தினக்கல் தேடிக் காட்டுக்குள் குழி தோண்டப் போனவர்கள், குழித் தண்ணீரில் கொசுவையும் வளர்த்து, ஜுரத்தோடு ஊர் திரும்பினார்கள். வீடு வீடாக ரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலையும் அதற்குள் தளர்ந்துவிட்டது. 1969-ம் வருஷத்துக் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல்!

டி.டி.டி.யை யாரோ தடை செய்ததனால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்வாருண்டு. அது சரியல்ல. இலங்கையில் மருந்து நின்றது தடையினால் அன்று, வியாதி குறைந்துபோனதால். மறுபடி எடுத்து அடித்தபோது கொசுவுக்கு மருந்து பழகிவிட்டிருந்தது. 1977-ல் மாலத்தியான் என்ற அதிக விலை மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. மிச்சம் பிடித்த பணத்தைவிடச் செலவு எத்தனையோ மடங்கு.

* * *

இது இலங்கைக்காரர்களின் அசட்டுத்தனம் என்று யாரும் முகவாய்க்கட்டையில் கை வைக்க வேண்டாம். உலகமே அப்போது அந்தக் கணக்கைத்தான் போட்டது.

1955 மே மாதம் மெக்சிகோ நகரில் கூடிய உலக சுகாதார மகாசபை, மலேரியாவை உலகத்தை விட்டே ஒழிப்பது என்று தீர்மானித்தது. இதற்கு அறிவுபூர்வமான காரணம் சொன்னவர்களில் முக்கியமானவர் பால் ரஸல் என்ற அமெரிக்க டாக்டர். யுத்தத்துக்கு முன் ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனத்தின் சார்பில் நம் சென்னை மாகாணத்துக்கு வந்து, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கொசு ஆராய்ச்சி செய்தவர் அவர். கொசுவுக்கு மருந்து பழகுமுன் வேலையை முடித்துவிட வேண்டும், நாலைந்து வருஷத்தில் பெரும்பணம் செலவழித்து முடித்தால் அப்புறம் செலவே இல்லை என்பது வாதம். 1958-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் காங்கிரசின் முன் பேசியபோது இதற்கு முழு ஆதரவு அளிப்பதாகச் சொன்னார். ஐந்து வருஷத் திட்டமாகப் பணம் ஒதுக்கினார்கள். தர்ம சிந்தனை மட்டும் என்று சொல்ல முடியாது. ருஷ்யாவோடு போட்டியாக இருந்த காலம், ஏழை நாடுகளின் நட்பும் வேண்டியிருந்தது. எப்படியானால் என்ன? மருந்து வந்தது.

உங்கள் வீட்டில் பழைய தபால் தலை ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 1962 ஏப்ரல் 7-ந் தேதி மலேரியா ஒழிப்பு என்ற ஒரே விஷயத்துக்காக உலகத்து நாடுகள் பலவும் தபால் தலை வெளியிட்டன. இந்தியாவும் வெளியிட்டது.

அந்த நாட்களில் நம் வீடுகளில் நடந்ததைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுதந்திரம் வந்த சமயம் இந்தியாவில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா. எட்டு லட்சம் பேர் மரணம். 1953-ல் தேசியத் திட்டம் தொடங்கிற்று. அமெரிக்காவிலிருந்து டி.டி.டி. வந்தது; ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் உலக சுகாதார ஸ்தாபனமும் உதவி, டில்லியில் டி.டி.டி. தொழிற்சாலையே எழுந்தது. காக்கிச் சட்டைக்காரர்கள் பீச்சாங்குழலுடன் வந்து, "அம்மா, பாத்திரம் பண்டங்களை வெளியே எடுத்து வையுங்கள்" என்பார்கள். சமையலறைக்குள் விடமாட்டேன் என்று ஒரு வீட்டில் சண்டை. பூஜை அறைக்குள் கூடாது என்று இன்னொரு வீட்டில். ஒருவழியாக அடித்துவிட்டுப் போனால், பண்டிகை வந்ததும் நம்மவர்கள் சுவருக்கு வெள்ளையடித்து, மண்ணும் சாணமும் பூசி மெழுகிவிடுவார்கள். மருந்து அடியில், கொசு மேலே! பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வேறொருவர் வந்து, "வீட்டில் யாருக்காவது ஜுரம் உண்டா?" என்று கேட்டு, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போவார்.

இத்தனை கூத்துக்கும் பலன் இருந்தது. 1961-ல் இந்தியா முழுவதும் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 49,000 பேர்தான். கோடிகளிலிருந்து ஆயிரங்களுக்கு வந்துவிட்டோம்!

அப்புறம்? அமெரிக்காவின் ஐந்து வருஷம் 1963-ல் முடிந்தது. குறித்த காலத்தில் மலேரியா முடியவில்லை. கொடுத்தவர்களுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் வேலை தொடங்கப்படவே இல்லை. 'உலக' இயக்கம் என்று பெயர். வியாதி அதிகமாக இருந்த கண்டமே அதில் சேர்த்தியில்லை! 1969-ல் பாஸ்டனில் கூடிய அதே மகாசபை, உலகளாவிய ஒழிப்பு என்ற லட்சியத்தை ஒத்திப்போட்டது. இந்தியாவிலும் பணம் சுருங்கிற்று, மருந்து வரத்துத் தடைப்பட்டது, ஊழியர்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள். 1976-ல் 64 லட்சம் கேஸ்கள்.

2012-ல் சில ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து, 1930-களிலிருந்து உலகத்தில் குறைந்துபோன மலேரியா மறுபடி தலைதூக்கிய சம்பவங்களையெல்லாம் திரட்டினார்கள். 61 நாடுகளில் 75 சம்பவங்கள் கிடைத்தன. அவற்றில் 68-ல் தடுப்பு வேலையைத் தளரவிட்டது ஒரு காரணமாக இருந்தது. ஏன் தளர்ந்தது என்று பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவற்றில் பணமுடை. வீட்டில் ஜுரம் விட்டதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிற பிள்ளையை நாம் எத்தனை கோபிக்கிறோம்! மந்திரிசபைகளும் அதே பிள்ளைதான்.

* * *

முப்பது வருஷம் கழித்து உலகத்துக்கு மறுபடி ஞாபகம் வந்தது. 2000 ஏப்ரல் 25-ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் நைஜீரியாவில் அபூஜா நகரில் கூடினார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டவற்றில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது: கொசுவலைக்கு வரி வேண்டாம் என்பது. அதுவரை, குழந்தையைக் காப்பாற்ற வலை வாங்கிய தாய் சர்க்காருக்கு வரியும் கட்டிக்கொண்டிருந்தாள்! 2002-ல் ஜினீவாவில் எய்ட்ஸ், க்ஷயம், மலேரியா மூன்றுக்குமாக ஓர் உலக நிதி ஏற்பட்டது. பல நாடுகள் அதில் பணம் போடுகின்றன. வேண்டிய நாடுகள் பெறுகின்றன. இந்தியா பெற்றும் இருக்கிறது, கொடுத்தும் இருக்கிறது. 2005-ல் அமெரிக்க ஜனாதிபதி புஷ் தனியாக ஒரு மலேரியாத் திட்டம் அறிவித்தார்.

இந்தத் தடவை முக்கிய ஆயுதம் வலை. நூலிலேயே பூச்சி மருந்து ஏற்றிய வலை. விலை இரண்டு மூன்று டாலர்; சுமார் மூன்று வருஷம் உழைக்கும். இதை இனாமாகக் கொடுப்பதா, கொஞ்சமாவது காசு வாங்குவதா என்று படித்தவர்கள் நடுவே பெரிய தகராறு. இனாமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, மீன் பிடிக்கப் போய்விடுவார்கள் என்றது ஒரு கட்சி. கென்யாவில் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். இனாம் என்றபோது வாங்காதவர் இல்லை எனலாம். அரை டாலருக்குச் சற்று மேலே விலை வைத்ததும், வாங்கியவர் தொகை நூற்றுக்கு அறுபது புள்ளி சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் அதிகமாகக் கட்டிக்கொண்டு படுத்தார்கள் என்பதும் இல்லை. அடுப்பங்கரைச் செலவுக்கு அணா அணாவாக எண்ணுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஆராய்ச்சி செய்தவர்கள் முதலில் நம்மைக் கேட்டிருக்கலாம்!

மருந்தின் கதையும் சர்க்கார் கதைதான். 1967-ல் வியட்நாம் யுத்தத்தின்போது, காட்டில் மலேரியாவால் சாகும் வீரர்களுக்காகச் சீன அரசாங்கம் ரகசியமாக ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அதில் ஈடுபட்ட தூ யூயூ என்ற பெண்மணி, பழைய சீன வைத்திய நூலொன்றில் கண்ட பச்சிலையிலிருந்து, கொதிக்க வைக்காமல் சாரம் எடுக்கும் வழி கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்த ஆர்ட்டிமிசினின் மருந்துதான் இன்று உலகமெங்கும் உயிர் காக்கிறது. 2015-ல் நோபெல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது எண்பத்து நாலு. இப்போது குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆக்ஸ்போர்டில் உருவான இரண்டாவது ஊசி, நம் புனாவில் தயாராகி ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறுகிறது.

2000-லிருந்து 2023 வரை இம்மாதிரி முயற்சிகளால் தடுக்கப்பட்ட மரணங்கள் 1 கோடியே 27 லட்சம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் குறைந்திருக்கும். ஆனால் 2023-க்குத் தேவை என்று சொன்ன தொகை 830 கோடி டாலர். திரண்டது 400 கோடிதான். அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, வியாதியால் வாடும் நாடுகளே போட்ட பணம். மற்றதில் அமெரிக்காவின் கைதான் பெரிய கை.

2025 ஜனவரியில் அந்தக் கை மடங்கியது. வெளிநாட்டு உதவி அனைத்தையும் புது அரசாங்கம் நிறுத்தி வைத்தது. உயிர் காக்கும் வேலைக்கு விலக்கு உண்டு என்று பிறகு சொன்னார்கள்; அதற்குள் ஆட்களை அனுப்பியாயிற்று, சரக்கு கிடங்கில் கிடந்தது. மலேரியாவுக்கு இது சாதாரணத் தாமதம் அல்ல. மழைக்காலத்துக்கு முன் வலை வந்து சேர வேண்டும். மழை முடிந்து வரும் வலை, கல்யாணம் முடிந்து வரும் மேளம். ஜூலை முதல் தேதி, யு.எஸ்.எய்ட் என்ற உதவி ஸ்தாபனமே மூடப்பட்டு, மிஞ்சிய வேலை வெளிநாட்டு இலாகாவோடு சேர்ந்தது. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியைக் குறைக்கப் போவதாக அந்தப் பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டது. நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் உலக நிதிக்கு 1,800 கோடி டாலர் கேட்டார்கள். வாக்களிக்கப்பட்டது 1,100 கோடிச் சொச்சம்.

இதில் ஒரே ஓர் ஆறுதலான செய்தி. உலக மலேரியாவில் கால் பங்குக்கு மேல் சுமக்கும் நைஜீரியாவின் பார்லிமெண்டு, அமெரிக்கப் பணம் நின்ற வேகத்தில், சுகாதாரத்துக்காகச் சொந்தப் பணம் 20 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியது. போதாதுதான். ஆனாலும் பிறத்தியார் பணம் எந்த நாளும் பிறத்தியார் பணமே என்பதை அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

* * *

இலங்கையை நடுவழியில் விட்டுவிட்டோம். அங்கே 1980-களிலும் 90-களிலும் உள்நாட்டு யுத்தத்தோடு மலேரியாவும் வளர்ந்தது. 1999-ல் இரண்டரை லட்சத்துக்கு மேல் கேஸ்கள். பெரும்பாலானவை வடக்கிலும் கிழக்கிலும், தமிழர் வாழும் ஊர்களில். இடம்பெயர்ந்து மரத்தடியில் படுப்பவருக்குச் சுவர் ஏது, மருந்தடிக்க? வலைதான் கதி. சண்டைக்கு நடுவிலும் மலேரியா ஊழியர்கள் இரு பக்கத்துக்கும் போய் வந்தார்கள். துப்பாக்கி பிடித்தவர்களும் அவர்களைப் பெரும்பாலும் தடுக்கவில்லை. ஜுரம் கட்சி பார்ப்பதில்லையே! உலக நிதியும் கைகொடுத்தது. வண்டியில் பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ரத்தம் பார்த்தார்கள்.

2012 அக்டோபரில் உள்நாட்டிலேயே பற்றிய கடைசிக் கேஸ். 2016 செப்டம்பர் 5-ந் தேதி, மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது.

1963-ல் பதினேழு. இப்போது பூஜ்யம். இந்தத் தடவை என்ன செய்தார்கள்? மலேரியா இலாகாவை மூடவில்லை. ஆப்பிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போகிறவர் கேட்டால் தடுப்பு மாத்திரையை இனாமாகக் கொடுக்கிறார்கள். ஊர் திரும்பியவருக்கு ஜுரம் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. ஒரே ஒருவருக்குக் கிருமி இருப்பது தெரிந்தாலும், அவர் வீட்டைச் சுற்றிக் கொசு தேட ஒரு படையே புறப்படுகிறது.

அந்தப் படைக்கு வேலை வைத்ததில் ஒரு கொசுவுக்குத் தனி இடம் உண்டு. சென்னை வாசகிகளுக்கு அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. அனாபிலிஸ் ஸ்டெபென்ஸி என்று பெயர். மற்ற அனாபிலிஸ்கள் வயலையும் வாய்க்காலையும் தேடிப்போகும், இது பட்டணவாசி. கிணறு, மாடித் தொட்டி, மூடாத தண்ணீர்ப் பீப்பாய், கட்டட வேலை நடக்கும் இடத்துத் தேக்கம் எல்லாம் இதற்குப் பிரசவ அறை. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு பல வருஷங்கள் சென்னைப் பட்டணத்திலேயே இருந்ததற்கு இதுதான் காரணம். மாடித் தொட்டியின் மூடி உடைந்தால் மாற்றச் சொல்லிக் கார்ப்பரேஷன்காரர் வந்து கழுத்தறுக்கிறாரே, அவர் மேல் கோபப்படாதீர்கள்.

இந்த நம்மூர்க் கொசு இப்போது கடல் கடந்துவிட்டது. 2012-ல் ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் ஜிபூத்தி என்ற சின்ன நாட்டில் முதன்முதலாகத் தென்பட்டது. அந்த வருஷம் அங்கே மொத்த மலேரியாக் கேஸ்கள் 27. ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்று எண்ணியிருந்த நாடு. 2020-ல் 73,000! பக்கத்தில் எத்தியோப்பியா, சூடான் என்று பரவிக்கொண்டிருக்கிறது. கிராமத்து வியாதி என்று ஆப்பிரிக்கா நினைத்திருந்த ஒன்று, இனிமேல் நகரத்து மாடிகளிலும் குடியேறலாம். வலைக்கும் மருந்துக்கும் பணம் சுருங்குகிற வேளையில்.

இலங்கைக்கும் வந்தது. அத்தாட்சி கிடைத்து மூன்றே மாதம் கழித்து, 2016 டிசம்பரில் மன்னாரில், கிணறுகளில் இதன் புழுக்கள் அகப்பட்டன. அப்போது நாட்டில் சொந்தமாக ஒரு மலேரியாக் கேஸ்கூடக் கிடையாது. என்றாலும் ஆட்கள் இறங்கினார்கள். உபயோகமில்லாத கிணறுகளை மூடினார்கள். மற்றவற்றுக்கு வலை போர்த்தினார்கள். மூட முடியாத கிணறுகளில் கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களைக் கொண்டுபோய் விட்டார்கள். பிறகும் கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, மீன் இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சம்பளம் கொழும்பிலிருந்து மாதா மாதம் வருகிறது.